அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்தாரா?

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது இரண்டு பதிவேடுகளில் இரண்டு வரிகள் விழுகின்றன. அனுப்பிய இடத்தில் தேதியும் நோய்க்குறியும் எழுதி, எதிரே ‘ரெஃபர்’ என்று குறிக்கிறார்கள். சேர்ந்த இடத்தில் புதிதாக ஓ.பி. சீட்டு போடுகிறார்கள், அல்லது உள்நோயாளி எண் கொடுக்கிறார்கள். இரண்டு வரிகளும் ஒரே மனிதரைப் பற்றியவை என்பது இரண்டு பதிவேடுகளுக்கும் தெரியாது. அவர் வழியில் மனம் மாறி வீடு திரும்பலாம். கையிலிருந்த நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய மருத்துவமனையின் வரிசையில் நின்று சலித்துக் கிளம்பிவிடலாம். எது நடந்தாலும் அனுப்பியவரின் கணக்கில் அவர் முறையாக அனுப்பப்பட்டவர். பெற வேண்டியவரின் கணக்கிலோ அப்படி ஒருவரே இல்லை. பதிவுத் தபாலுக்குக்கூட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. நெஞ்சுவலியோடு அனுப்பப்பட்டவருக்கு வருவதில்லை. மருத்துவத்தில் தரவுப் பகுப்பாய்வு பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவையும் முன்கணிப்பையும் சுற்றியே நடக்கிறது. மேல்சிகிச்சைப் பரிந்துரையைப் பொறுத்தவரை தரவு செய்ய வேண்டிய முதல் வேலை அதைவிட எளியது, ஆனால் அதைவிட முக்கியமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்: அந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக இணைப்பது, நடுவில் காணாமல் போனவர்களை எண்ணுவது, அந்த எண்ணிக்கைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது. இந்த வேலை முடியாத இடத்தில் மற்ற கணிப்புகள் எல்லாம் அடித்தளம் இல்லாத மேல்தளங்கள்.

இடைவெளி எங்கிருந்து வந்தது

இந்தியப் பொது மருத்துவத்தின் அடுக்கமைப்புக்கு வரைபடம் போட்டது சர் ஜோசப் போர் தலைமையிலான குழு. அதன் அறிக்கை 1946இல் வெளியானது. கிராமத்துக்கு அருகில் அடிப்படைச் சிகிச்சை, அதற்கு மேல் இடைநிலை மருத்துவமனை, மாவட்ட அளவில் சிறப்பு மருத்துவம் என்பது அதன் திட்டம். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற இன்றைய அளவுகோல் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். ஒவ்வொரு அடுக்குக்கும் கட்டடம் உண்டு, பணியிடம் உண்டு, மருந்துக் கொள்முதல் உண்டு, ஆய்வுக்கு வரும் அதிகாரி உண்டு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவிலுள்ள பாதைக்கு மட்டும் இவற்றில் எதுவும் நீண்டகாலம் இல்லை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது அந்தப் பாதைக்கு ஒரு வண்டி கிடைத்தது. ஆனால் வண்டி என்பது பாதையின் ஒரு பகுதி மட்டுமே. தாய்மார் மரணத்தை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: சிகிச்சை தேட முடிவெடுப்பதில் ஆகும் தாமதம், மருத்துவமனையை அடைவதில் ஆகும் தாமதம், அடைந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதம். ஆம்புலன்ஸ் தொடுவது இரண்டாவதை. முதலாவதும் மூன்றாவதும் மனிதர்களும் நிறுவனங்களும் எடுக்கும் முடிவுகள். அவற்றில் எது எவ்வளவு நேரத்தைத் தின்றது என்பதை நேரம் குறிக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே ஒரு பரிந்துரையைத் தரவாக மாற்றுவதென்றால் குறைந்தது நான்கு நேரங்கள் வேண்டும்: அனுப்ப முடிவெடுத்த நேரம், கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், உரிய மருத்துவர் பார்த்த நேரம். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று: என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்பது அனுப்பியவருக்குத் திரும்பி வந்த நாள். இந்த ஐந்தையும் ஒரே நோயாளியின் பெயரில் கோர்ப்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அல்ல. தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம். புகுந்த ஊரில் ஏழு மாதம் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் அவள் பாதியில் விடுபட்டவள். பிறந்த ஊரின் மருத்துவமனையில் அவள் திடீரென்று வந்து நிற்கும் புதியவள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு ஊரிலும் கணவர் பெயரின் முதலெழுத்து மற்றொரு ஊரிலும் எழுதப்பட்டால் கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். கர்ப்பிணிகளுக்கு 12 இலக்க எண் வழங்கும் பிக்மி பதிவு முறையைத் தமிழ்நாடு கொண்டுவந்து, பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கியது இந்தச் சிக்கலுக்கான விடைகளில் ஒன்று. எண் இருந்தால் கோர்க்க முடியும். கோர்க்க முடிந்தால் போதுமா, கோர்த்ததை வைத்து என்ன கேட்கிறோம் என்பது அடுத்த கேள்வி.

எண்ணினால் என்ன தெரிகிறது

அந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பங்கினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே யார் அபாயத்தில் இருக்கிறார் என்று தெரிந்து அவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் இந்த இறப்புகளில் பல தவிர்க்கக்கூடியவை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு 2022 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இந்தக் கருத்தின் மேல் நிற்பது. அதன் வடிகட்டும் முறையில் ஆய்வகம் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்கும் கீழ். அல்லது கால் வீக்கத்தோடு 16 அல்லது அதற்கும் கீழ். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல். ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழ். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாத நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரை உடனே முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எடைக்கருவி, உயரம் அளக்கும் அளவுகோல், ஆக்சிமீட்டர், கடிகாரம் இவை போதும். யாரை எப்போது வடிகட்டினார்கள், அனுப்பப்பட்டவரில் யார் வந்தார், யார் சேர்க்கப்பட்டார் என்பதை ஒரு செயலி தொடர்கிறது.

முதல் காலாண்டின் முடிவுகள் ஆய்விதழில் வெளியாகியுள்ளன. அவற்றைப் படிக்கும் முறைதான் இங்கே முக்கியம். அரசு நிலையங்களில் நோய் உறுதியான பெரியவர்கள் சுமார் 15,000 பேர். அவர்களில் 78 சதவீதம், ஏறத்தாழ 11,600 பேர், வடிகட்டப்பட்டார்கள். அவர்களில் 13 சதவீதம், சுமார் 1,500 பேர், அபாயக் குறி உள்ளவர்கள். அவர்களில் 75 சதவீதம் பேரே முழுப் பரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தீவிர நோய் உறுதியானவர்களில் 92 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் திட்டம் ஏறக்குறைய முழு வெற்றி: படுக்கை தேவைப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் படுக்கை கிடைத்தது. சங்கிலி முழுவதையும் பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. படுக்கை கிடைக்காமல் போனவர்கள் 80 பேர் அளவில். அபாயம் என்று தெரிந்தும் பரிசோதனைக்குப் போய்ச் சேராதவர்கள் 400 பேருக்குச் சற்றுக் குறைவு. வடிகட்டப்படாமலே போனவர்கள் சுமார் 3,400 பேர். அவர்களிலும் 13 சதவீதம் அபாயத்தில் இருந்ததாகக் கொண்டால் இன்னும் 400 பேருக்கு மேல். ஆக, மருத்துவமனை வாசலில் கசிந்ததைப் போலப் பத்து மடங்கு அந்த வாசலை எட்டுவதற்கு முன்பே கசிந்திருக்கிறது. கூடுதல் படுக்கை கேட்டு ஒரு மாவட்டம் கோப்பு அனுப்பும் நேரத்தில், எடைக்கருவி இல்லாத நிலையங்களின் பட்டியல் அதைவிடக் கூடுதலான உயிர்களைக் காக்கக்கூடும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இதற்குக் கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் போதும். தேவைப்பட்டது ஒவ்வொரு படியிலும் சரியான பகுதியெண், அதாவது ‘எத்தனை பேரில்’ என்ற கேள்விக்கு விடை.

பகுதியெண் தவறினால் பகுப்பாய்வே பொய் சொல்லும் என்பதற்குப் பரிந்துரைத் தரவைப்போல நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அனுப்பப்பட்டவர்கள் போய்ச் சேரச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்ற அட்டவணை ஆய்வுக் கூட்டங்களுக்குப் பிடித்தமானது. அந்தச் சராசரியில் போய்ச் சேராதவர் யாரும் இல்லை. சேராதவருக்குச் சேர்ந்த நேரம் கிடையாது. மலையடிவாரக் கிராமத்திலிருந்து பாதிப் பேர் போகவே இல்லை, போனவர்கள் சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் என்றால் அந்த வட்டாரத்தின் சராசரி நேரம் மிக நன்றாக இருக்கும். எனவே சரியான கேள்வி ‘அனுப்பப்பட்ட நூறு பேரில் இரண்டு மணி நேரத்துக்குள், ஆறு மணி நேரத்துக்குள், ஒரு நாளுக்குள் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?’ என்பது. சேராதவர் இந்தக் கணக்கில் மறைய முடியாது. இதேபோலச் சிறிய எண்களும் ஏமாற்றும். மாதம் இருபது பிரசவம் பார்க்கும் ஒரு நிலையம் ஒரு மாதம் மூன்று பேரையும் அடுத்த மாதம் ஆறு பேரையும் மேலே அனுப்பினால் ‘பரிந்துரை இரட்டிப்பு’ என்று சிவப்புக் கட்டத்தில் காட்டும் மென்பொருள் தற்செயலைக் குற்றமாக்குகிறது. ஓர் ஆண்டுத் தொடரை வரைந்து, எந்த எல்லைக்குள் ஏற்ற இறக்கம் இயல்பு என்று குறித்த பிறகே ஒரு மாதத்தைப் பற்றிப் பேச உரிமை வருகிறது.

எங்கே முடிக்கிறோம்

பரிந்துரை எங்கே முடிகிறது என்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்தே அது வெற்றியா தோல்வியா என்பது மாறும். கோயம்புத்தூரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று நடத்திய தமிழ்நாடு மாரடைப்பு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 2012க்கும் 2014க்கும் இடையில் நான்கு தொகுதிகளில், கேத்லேப் உள்ள பெரிய மருத்துவமனையை மையமாகவும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்தார்கள். கிளையில் எடுத்த இ.சி.ஜி. மையத்துக்கு மின்வழியில் போகும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கிளையிலேயே கொடுத்துவிட்டு, 108 வண்டியில் மையத்துக்குக் கொண்டுவந்து ரத்தக் குழாயைப் பார்ப்பார்கள். மொத்தம் 2,420 நோயாளிகள். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயவியல் இதழில் வெளியான முடிவுகளின்படி, ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 61 சதவீதமாக உயர்ந்தார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை. முன்பும் பின்பும் 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று கணக்கை மூடியிருந்தால், இந்த ஏற்பாட்டால் பயனில்லை என்றே எழுதியிருப்பார்கள். முன்பும் பின்பும் ஒப்பிடும் ஆய்வு என்பதால், அந்த இடைக்காலத்தில் மாறிய மற்ற காரணிகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. அந்த ஐயம் நான் சொல்ல வரும் கருத்தைப் பாதிக்காது: நோயாளியை ஓராண்டு தொடர்ந்ததால்தான் ஆராய்வதற்கே ஒரு வேறுபாடு கிடைத்தது.

இங்கிலாந்து இதே பாடத்தை வேறு வழியில் கற்றது. புற்றுநோய் என்று பொது மருத்துவர் ஐயப்பட்டால் இரண்டு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி வந்தது. மருத்துவமனைகள் அந்த எண்ணைத் துரத்தின. பதினான்காம் நாளுக்குள் ஒருவரைப் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் வாரக்கணக்கில் காக்க வைத்தாலும் இலக்கு நிறைவேறியதாகவே கணக்கு. 2023 அக்டோபரில் அந்த அளவுகோலைக் கைவிட்டு, 28 நாளுக்குள் ‘புற்றுநோய் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற விடை நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்பதை முதன்மையாக்கினார்கள். மருத்துவரைப் பார்ப்பது நிறுவனத்தின் நிகழ்வு. விடை கிடைப்பது நோயாளியின் நிகழ்வு. எதை அளக்கிறோமோ அதை நோக்கியே அமைப்பு வளையும் என்பதால், அளவுகோலின் முடிவுப்புள்ளி நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அங்கிருந்தே இன்னொரு சான்றும் கிடைக்கிறது. அது பரிந்துரையைக் குறைப்பதே தரவின் வேலை என்று நினைப்பவர்களுக்கானது. ஹென்ரிக் முல்லரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, 8,000க்கும் மேற்பட்ட பொது மருத்துவர் நிலையங்களைச் சேர்ந்த சுமார் 2,15,000 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்தது. அவசரப் பரிந்துரையைக் குறைவாகப் பயன்படுத்திய நிலையங்களின் நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 7 சதவீதம் கூடுதலாகவும், அதிகம் பயன்படுத்தியவற்றில் 4 சதவீதம் குறைவாகவும் இருந்தது. அதே ஆண்டில் அந்நாட்டின் வழிகாட்டி நெறிமுறை, நூறு பேரில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு தெரிந்தாலே அனுப்பலாம் என்று எல்லையைத் தளர்த்தியது. அந்த எல்லையை ஒட்டி அனுப்பப்படும் நூறு பேரில் 97 பேருக்கு நோய் இருக்காது. அவர்களை அனுப்பியதும் சரியான முடிவுதான். நம் மருத்துவமனைகளில் ‘எதற்கெடுத்தாலும் ரெஃபர் பண்ணிவிடுகிறார்கள்’ என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ‘நோய் இல்லை’ என்று திரும்பியவர்களின் எண்ணிக்கை அந்தப் புகாரை நிரூபிக்காது. அனுப்பாமல் விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கும் பக்கத்தில் இருந்தால்தான் அதிகம் எது, குறைவு எது என்று சொல்ல முடியும்.

திரும்பி வரும் செய்தி

அனுப்பியவருக்குச் செய்தி திரும்புவது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அமைப்பு கற்றுக்கொள்ளும் ஒரே இடம் அதுதான். சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனை ஏழைகளுக்கான மருத்துவமனை. சிறப்புப் பிரிவுகளில் மாதக்கணக்கில் காத்திருப்பு. 2005இல் இரைப்பை குடல் பிரிவில் தொடங்கி அங்கே ஒரு மின்பரிந்துரை முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு சிறப்பு மருத்துவர் படிப்பார். அவசரமென்றால் முன்னே கொண்டுவருவார். தகவல் போதாதென்றால் கேட்பார். கீழேயே பார்த்துக்கொள்ளலாம் என்றால் எப்படிப் பார்ப்பது என்று எழுதுவார். மறுப்பு என்ற பொத்தான் அங்கே இல்லை. உரையாடல் மட்டுமே உண்டு. காத்திருப்பு குறைந்தது, அதைவிட முக்கியமாக, எந்தக் கேள்விக்குச் சிறப்பு மருத்துவர் தேவை, எதற்கு இல்லை என்பது அனுப்பியவர்களுக்குப் படிப்படியாகத் தெரிய வந்தது. ஒட்டாவாவில் கிளேர் லிடி, எரின் கீலி இருவரும் தொடங்கிய மின்ஆலோசனை முறையும் இதே தடத்தில் வளர்ந்தது. நம் நாட்டின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி மருத்துவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான ஆலோசனைக்காக 2019 நவம்பரில் தொடங்கப்பட்டது; ஆகவே இங்கும் வழி இருக்கிறது. அந்த வழியில் நடக்கும் உரையாடல்களை நோய்வாரியாகத் தொகுத்து, எந்த வட்டாரத்தில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால், அடுத்த பயிற்சி முகாமின் பாடத்திட்டம் தானாக எழுதப்பட்டுவிடும்.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானது இது: படுக்கையும் மயக்க மருந்து நிபுணரும் இல்லாத மாவட்டத்தில் தரவு எதைக் காக்கும்? பற்றாக்குறையை வரைபடமாக்கினால் பற்றாக்குறை தீராது. உண்மைதான். ஆனால் பற்றாக்குறை எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பது பொதுவாகப் புலம்பும்போது தெரிவதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்பப்படும் பிரசவங்கள் ஒரு மருத்துவமனையைத் தாண்டி அடுத்த மருத்துவமனைக்குப் போகின்றன என்றால், குறை அந்த மருத்துவமனையின் கட்டடத்தில் இல்லை, இரவுப் பணிப்பட்டியலில் இருக்கிறது. அதைத் தீர்க்க ஆகும் செலவும் எடுக்க வேண்டிய ஆணையும் வேறு. காசநோய்த் திட்டத்தின் கணக்கு காட்டியதும் இதைத்தான்: பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்பதில் பொதுப்புத்தி தவறக்கூடும். பற்றாக்குறை உள்ள அமைப்புக்குத்தான் தரவு அதிகம் தேவை. வீணாக்க அதனிடம் எதுவுமில்லை.

இரண்டாவது எதிர்வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இவ்வளவு கூட்டல் கழித்தல் எதற்கு, யார் அபாயத்தில் இருக்கிறார் என்பதை இயந்திரமே கணித்துவிடாதா? கணிக்கும், ஆனால் எதை வைத்து என்று கேட்க வேண்டும். கூடுதல் பராமரிப்புத் திட்டத்துக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறையை சியாத் ஓபர்மேயர் குழு ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. அந்த முறை நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குச் செலவழிக்கப்படும் தொகை குறைவு என்பதால், அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று இயந்திரம் முடிவு கட்டியது. அந்தச் சாய்வைச் சரிசெய்தால் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இங்கே அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் உரிமைக்கோரல்களை மட்டும் வைத்து ஒரு கணிப்பு முறையைப் பழக்கினால் இதே நடக்கும். உரிமைக்கோரல் என்பது மருத்துவமனையை எட்டியவரின் தடம். எட்டாதவருக்குத் தடமே இல்லை. ஜவ்வாது மலையில் நோய் குறைவு என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டின் காசநோய்ச் செயலியில் 2025இல் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் முறை சேர்க்கப்பட்டது வரிசை சரியாக இருந்ததற்கு அடையாளம்: முதலில் எல்லோரையும் அளக்க முற்பட்டார்கள், அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தொடர்ந்தார்கள், இறுதி விளைவைப் பதிந்தார்கள், கணிப்பு அதற்குப் பின் வந்தது. சேராதவர்களையும் எண்ணிய தரவில்தான் கணிப்பு நேர்மையாக இருக்க முடியும்.

மூன்றாவது, எண்ணத் தொடங்கினால் எண்ணையே திருத்துவார்கள் என்ற அச்சம். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன கருத்து மருத்துவமனைக்கும் பொருந்தும்: அளவுகோலை இலக்காக்கினால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கும். பரிந்துரை அதிகம் என்று ஒரு மருத்துவ அலுவலரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் அவர் நோயாளியிடம் ‘நீங்களே ஜி.எச்.சுக்குப் போயிடுங்க’ என்று வாய்மொழியாகச் சொல்வார். சீட்டு இருக்காது, பதிவு இருக்காது. பெறும் மருத்துவமனையை இறப்பு எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால், சாகும் நிலையில் வந்தவரை இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடும் ஆசை வரும். இதற்குத் தீர்வு எண்ணாமல் இருப்பது ஆகாது. அனுப்பும் முனைக்கும் பெறும் முனைக்கும் தனித்தனி மதிப்பெண் போடுவதை நிறுத்தி, இணைப்புக்கு ஒரே எண்ணை இருவர் பெயரிலும் எழுத வேண்டும். போய்ச் சேராத நோயாளி இருவருக்கும் குறை. சேர்ந்து பிழைத்தவர் இருவருக்கும் நிறை. அப்போது தள்ளிவிடுவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. தமிழ்நாட்டின் தாய்மார் மரணத் தணிக்கை ஒவ்வொரு மரணத்தையும் வீட்டிலிருந்து கடைசி மருத்துவமனை வரை பின்னோக்கித் தொடர்வது இந்த மனநிலைக்கு அருகில் உள்ளது. அதன் எல்லை, அது இறந்தவர்களை மட்டும் பார்ப்பது. அதே பாதையில் போய்ப் பிழைத்தவர்களையும் பக்கத்தில் வைத்தால்தான் எந்தத் தாமதம் உயிரைக் குடித்தது, எது தற்செயல் என்று பிரித்தறிய முடியும்.

நான்காவது, வேலைச்சுமை. கிராம சுகாதாரச் செவிலியரின் நாள் ஏற்கனவே பல பதிவேடுகளுக்கும் செயலிகளுக்கும் இடையில் துண்டாகிக் கிடக்கிறது. இன்னொரு திரையைக் கொடுப்பது நோயாளியிடமிருந்து எடுத்த நேரத்தில் கொடுப்பது. இந்த வாதத்தை முழுமையாக ஏற்க வேண்டும். ஏற்றால் இரண்டு கட்டுப்பாடுகள் வரும். ஒன்று, புதிதாக ஒரு தகவலைக் கேட்கும் முன் யாரும் படிக்காத பழைய தகவல் ஒன்றைக் கேட்பதை நிறுத்த வேண்டும். மற்றொன்று, பதிந்தவருக்கே அந்தப் பதிவு முதலில் பயன்பட வேண்டும்: நேற்று நீங்கள் அனுப்பிய மூவரில் ஒருவர் இன்னும் சேரவில்லை, இதோ அவரது தொலைபேசி எண் என்று மறுநாள் காலை திரை சொன்னால், அடுத்த பதிவை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. தரவு மேலே மட்டுமே ஏறும் குழாயாக இருக்கும்வரை அதன் தரமும் குறைந்துகொண்டே போகும்; பயன் காணாதவர் கடமைக்கு நிரப்புவார்.

ஐந்தாவது, அந்தரங்கம். அனுப்பப்பட்டவரைத் தொடர்வது என்பது அவரைக் கண்காணிப்பதும்தான். காசநோய், எச்.ஐ.வி., மனநோய், திருமணமாகாத பெண்ணின் கர்ப்பம் போன்றவை ஊரில் கசிந்தால் நோயைவிடப் பெரிய தீங்கு நேரலாம். அந்த பயத்தாலேயே மருத்துவமனைக்கு வராதவர்கள் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டத்துக்கு அப்பால் வடிவமைப்பிலேயே செய்யக்கூடியதும் உண்டு. பெயரோடும் எண்ணோடும் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டியவர்கள் அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே. மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் எண்ணிக்கை போதும். யார் எந்த ஏட்டைத் திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும். நோயாளியிடம் ஒப்புதல் கேட்கும்போது ‘நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரிப்போம்’ என்று அவருக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். அக்கறைக்கும் வேவுக்கும் உள்ள எல்லையைப் பெரும்பாலும் இந்த ஏற்பாடுகளே தீர்மானிக்கின்றன.

இந்த எதிர்வாதங்களைக் கடந்து நிற்பது ஒரு வரிசைமுறை. முதலில் ஒரு நோயாளிக்கு ஒரு எண், அடுத்து அனுப்பியதும் சேர்ந்ததும் அந்த எண்ணில் ஒன்றாதல், அடுத்து சேராதவரைத் தேடும் ஒரு பொறுப்பாளர், அடுத்து அனுப்பியவருக்குத் திரும்பும் செய்தி, கடைசியாகக் கணிப்பு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண்ணும் மாநிலத்தின் பதிவு முறைகளும் முதல் படியைத் தொட்டிருக்கின்றன. மென்பொருள் விற்பவர்கள் கடைசிப் படியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நடுவிலுள்ள மூன்று படிகளுக்கு விற்பனையாளர் இல்லை. அவை நிர்வாக முடிவுகள், பணியிட ஆணைகள், பழக்கங்கள். தனியார் மருத்துவமனைகள் கணக்குக்கு வெளியே நிற்கும்வரை இணைப்பும் முழுமையாகாது. காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனையிடம் அந்தத் தகவலைக் கேட்கும் அதிகாரம் அரசிடம் ஏற்கனவே இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்தின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்திலும் மற்ற அட்டவணைகளுக்கு முன் இரண்டு எண்கள் வாசிக்கப்பட வேண்டும்: சென்ற மாதம் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட நூறு பேரில் உரிய நேரத்தில் சேர்ந்தவர் எத்தனை, சேராதவரில் தேடிக் கண்டவர் எத்தனை. அனுப்பும் மருத்துவமனையும் பெறும் மருத்துவமனையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதற்கு விடை சொல்ல வேண்டும். அந்த இரண்டு எண்களையும் தர முடியாத மாவட்டத்துக்கு விலையுயர்ந்த பகுப்பாய்வுக் கருவி எதையும் வாங்கித் தருவதில் பொருளில்லை. தர முடிந்த மாவட்டமோ தனக்கு எந்தக் கருவி தேவை என்பதைத் தானே சொல்லும்.